கூடம் சுருங்கலாம், வேலை நிற்க வேண்டியதில்லை

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாக ஓவியம் வரைந்து வருகிறேன். அவற்றில் கடைசி ஏழு ஆண்டுகள் தனியாக ஓர் ஓவியக்கூடத்தை வாடகைக்கு எடுத்து, இதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டிருக்கிறேன். ஈராண்டாக நிலைமை சரியில்லை. ஒப்புக்கொண்டிருந்த இரண்டு கண்காட்சிகள் தள்ளிப்போய், பிறகு கைவிடப்பட்டன. படம் வரைந்து தரச் சொல்லி வந்த வேலைகள் ஏறக்குறைய நின்றுவிட்டன. தந்தையின் நோயால் நாளில் பாதி வீட்டிலேயே கழிகிறது. எஞ்சிய நேரத்தில் கூடத்துக்குப் போனாலும் வெற்றுக் கேன்வாஸின் முன் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புகிறேன். வண்ணம் குழைக்கும்போதே முன்பு வந்த மகிழ்ச்சி இப்போது வருவதில்லை. உலகம் இருக்கும் நிலையில் பூவையும் ஜன்னலையும் வரைந்துகொண்டிருப்பது சரிதானா என்ற குற்றவுணர்வு வேறு. கூடத்தை மூடிவிடலாமா? தொடர்வதென்றால் எப்படித் தாக்குப்பிடிப்பது? இன்னொன்று: பழைய வாடிக்கையாளர் ஒருவர் பெரிய படம் ஒன்றைப் பாதி விலைக்குக் கேட்கிறார். பணத்தேவை இருக்கிறது. கொடுத்துவிடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இடம், வருமானம், ஓவியம் என்ற மூன்றும் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. வாடகை கொடுக்க முடியவில்லை என்பதை ஓவியனாக இருக்க முடியவில்லை என்றும், படம் விற்கவில்லை என்பதைப் படம் நன்றாக இல்லை என்றும் நீங்கள் படித்துக்கொள்கிறீர்கள். ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் நீண்ட காலமாக ஆலோசனை சொல்லிவருபவன் என்ற முறையில் நான் அதிகம் பார்த்திருப்பது இந்தக் குழப்பத்தைத்தான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடத்தை நீங்கள் சுருக்கலாம், தேவையானால் விட்டும்விடலாம். வருமானத்தை வேறு எங்கிருந்தாவது தேடலாம். கை வேலை செய்யும் பழக்கத்தை மட்டும், எவ்வளவு சிறிய அளவிலேனும், அறுந்துபோக விடாதீர்கள். ஓவியர்கள் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கடன் வாங்கி வாடகை கட்டி இடத்தைக் காப்பாற்றுகிறார்கள். அந்தக் கடனின் கவலையில் அந்த இடத்துக்குள் நுழைந்து ஒரு கோடும் போட முடியாமல் போகிறது.

முதலில் இடத்தைப் பற்றிப் பார்ப்போம். இத்தாலிய ஓவியர் ஜார்ஜியோ மொராண்டி பொலோன்யா நகரில் மூன்று சகோதரிகளுடன் வாழ்ந்த வீட்டில், அவர் தூங்கிய அறையேதான் அவருடைய ஓவியக்கூடமாகவும் இருந்தது. ஒற்றைக் கட்டில், ஈசல் எனப்படும் ஓவியத் தாங்கி, தூசி படிந்த சில புட்டிகளும் குவளைகளும் வைத்த மேசை ஆகியவற்றைக் கொண்டே இருபதாம் நூற்றாண்டின் மிகச் செறிவான நிலைப்பொருள் ஓவியங்களை அவர் வரைந்தார். எல்லாரும் மொராண்டி ஆகிவிட முடியும் என்று சொல்ல வரவில்லை. பெரிய கேன்வாஸில் வேலை செய்கிறவருக்குப் பின்னால் போய் நின்று பார்க்கும் தூரம் வேண்டும் என்பது உண்மை. இருந்தாலும் உங்கள் கூடம் உங்களுக்கு என்ன செய்து தருகிறது என்று ஒருமுறை கணக்கெடுத்துப் பாருங்கள். அது ஈரப்படத்தைக் காயவைக்கும் இடமா, தனிமையா, வாங்க வருபவர்களை உட்காரவைக்கும் இடமா, அல்லது விற்காத படங்களின் கிடங்கா? நான் பார்த்த கூடங்களில் பலவற்றின் வாடகையில் பெரும்பங்கு கடைசியாகச் சொன்ன கிடங்குக்கே போகிறது. படங்களைச் சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணப்பக்கம் வெளியே இருக்குமாறு அகலமான உருளையில் தளர்வாகச் சுற்றி, உலர்ந்த இடத்தில் வைத்தால் ஓர் அறைக்குள் கிடந்தவை ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். வண்ணம் முழுக்க உலர்ந்த, தடித்த பூச்சில்லாத படங்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

நாளில் பாதி நேரம்தான் நீங்கள் கூடத்துக்குப் போகிறீர்கள் என்றால் மறுபாதிக்கு வேறொரு ஓவியரைச் சேர்த்துக்கொள்ளலாமே. வாடகை பாதியாவது மட்டும் அல்ல, காய்ந்துகொண்டிருக்கும் இன்னொருவர் படத்தைக் காலையில் பார்ப்பதே தனியாக உழைப்பவனுக்கு ஒரு தெம்பு. கூட்டாக வாழ்ந்து தாக்குப்பிடிப்பது நம் கலை வரலாற்றுக்குப் புதிதும் அல்ல. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் சென்னைக் கலைஞர்கள் 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியபோது, மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்திலிருந்தே நிலம் வாங்கினார்கள். ஓவியம் விற்றுத்தான் ஓவியனாக வாழ வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து தங்களை விடுவித்துக்கொள்வதற்காகவே அந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். அதே சமயம், பகிர்ந்துகொள்ள ஆள் கிடைக்காமல், வாடகை தொடர்ந்து சில மாதங்கள் கடனிலிருந்தோ மருத்துவத்துக்கென்று ஒதுக்கிய பணத்திலிருந்தோ போகிறதென்றால், தயங்காமல் சாவியைத் திருப்பிக் கொடுங்கள். அது வெறும் வாடகை ஒப்பந்தத்தின் முடிவுதான்.

வீட்டுக்கு மாறினால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நோயாளி இருக்கும் வீட்டில், ஆயில் வண்ணத்தை இளக்கும் கரைப்பானான டர்பன்டைனைத் திறக்காதீர்கள். அதன் ஆவி மூச்சுக்குழலையும் கண்ணையும் உறுத்தக்கூடியது, மூடிய அறையில் தலைவலியும் தரும். ஆயில் வண்ணத்தை விட மனமில்லை என்றால், கரைப்பான் இல்லாமல் எண்ணெயை மட்டுமே கலந்து தீட்டி, தூரிகையை முதலில் எண்ணெயில் துடைத்துப் பிறகு சோப்பில் கழுவும் முறைக்குப் பழகிக்கொள்ளுங்கள். அதற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது வெப்பத்தை வெளிவிடும். அந்த எண்ணெய் படிந்த துணிகளைக் கசக்கிக் குவித்துவைத்தால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் துணி தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். கூடங்கள் எரிந்துபோன கதைகளில் இதுவும் ஒரு காரணம். துணியைத் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் போடுங்கள். இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்றால் சில காலம் நீர்வண்ணம், குவாஷ் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்), மை என்று மாறிக்கொள்ளலாம். உங்கள் இப்போதைய நிலைமைக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது. அரைமணி நேரம் கிடைத்தால் தொடங்கலாம், தந்தை கூப்பிட்டால் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகலாம். இன்னொன்றும் முக்கியம். வேலை முடிந்ததும் எடுத்துவைத்துத் துடைத்து, மறுநாள் மறுபடி பரப்ப வேண்டிய மேசையாக அது இருக்கக்கூடாது. ஒரு பலகை அளவே இடம் இருந்தாலும் அங்கே தூரிகையும் காகிதமும் எப்போதும் கிடக்கட்டும். அலுப்பான நாளில் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்ப வேண்டுமே என்ற எண்ணமே வேலையைத் தள்ளிப்போட வைத்துவிடும்.

வருமானத்துக்கு வருகிறேன். வேறு வேலை பார்ப்பதைத் தோல்வியாக நினைக்கும் மனப்போக்கு உங்கள் கடிதத்தில் வெளிப்படையாக இல்லை. ஆனாலும் முழுநேரத் தொழில் என்ற சொல்லை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் அது தெரிகிறது. ஓவியர் பூபேன் கக்கர் ஒரு பட்டயக் கணக்காளர். பரோடாவில் பல ஆண்டுகள் பகுதிநேரமாகக் கணக்கெழுதியபடியேதான் இந்திய ஓவியத்தின் போக்கை மாற்றிய படங்களை வரைந்தார். மொராண்டியும் 1930 முதல் 1956 வரை பொலோன்யாவின் நுண்கலைக் கழகத்தில் எட்சிங் எனப்படும் உலோகத்தகட்டு அச்சோவியத்தைக் கற்றுக்கொடுத்தவர்தான். சம்பளம் வருவதால் படத்தின் மேல் ஒரு பாரம் குறைகிறது. இந்த மாதச் செலவுக்கு நீ பதில் சொல் என்று படத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. எந்த வேலையைத் தேர்வது என்பதில்தான் கவனம் வேண்டும். என் கருத்தில், நாளெல்லாம் வடிவமைப்பு வேலை செய்துவிட்டு மாலையில் ஓவியம் வரைவது கடினம், ஏனென்றால் இரண்டும் ஒரே கண்ணையும் ஒரே முடிவெடுக்கும் திறனையும் செலவழிக்கின்றன. கணக்கு, நூலகம், பதிவேடு போன்ற வேலைகள் கண்ணை மிச்சம் வைக்கின்றன. கற்றுக்கொடுப்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வாரத்தில் இரண்டு வகுப்புகள் என்றால் அது உங்களுக்கே ஊட்டம், எட்டு வகுப்புகள் என்றால் மாணவர்களின் படங்களைத் திருத்துவதிலேயே கை தீர்ந்துபோகும்.

உங்கள் கூடத்தின் கணக்கை எழுதிப்பார்த்திருக்கிறீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது, ஏனென்றால் கடிதத்தில் ஒரு தொகை கூட இல்லை. கடந்த பன்னிரண்டு மாதங்களில் வாடகை, பொருள்கள், சட்டமிடல், போக்குவரத்து என்று என்ன செலவாயிற்று, எந்தப் படம் எந்த வழியில் விற்றது என்று ஒரே தாளில் எழுதுங்கள். கேலரிகள் பெரும்பாலும் விற்பனை விலையில் நாற்பது முதல் ஐம்பது சதவீதம் வரை எடுத்துக்கொள்கின்றன. இந்தக் கழிவைச் சேர்க்காமல் விலை வைத்துவிட்டு, விற்ற பிறகு கையில் என்ன மிஞ்சியது என்று பார்த்து மனம் நொந்தவர்கள் ஏராளம். தாளை எழுதி முடித்ததும் எதிர்பாராதது ஒன்று தெரியவரும் என்பது என் அனுபவம். பெரும் படங்களால்தான் வாழ்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தவர், காகிதத்தில் வரைந்த சிறு படங்களும் வகுப்புகளும்தான் தம்மைத் தாங்கியிருக்கின்றன என்று கண்டுகொள்வார். கண்காட்சி கைவிடப்பட்ட ஆண்டுகளில் சிறு படங்களும், எண்ணிட்டுக் கையொப்பமிட்ட அச்சோவியங்களும் பெருமளவுக்குக் கைகொடுக்கும். எண்ணிக்கையை முதலிலேயே அறிவித்துவிட்டு, அதை மீறி ஒரு பிரதியும் எடுக்காமல் இருப்பதே இதில் உங்கள் நாணயம். ஆனால் குவளை, பை, அட்டை என்று எல்லாவற்றிலும் உங்கள் படத்தை ஒட்டி விற்கும் வேலைக்கு இறங்குமுன் யோசியுங்கள். அதற்கான பொதிகட்டலும் கடிதப் போக்குவரத்தும் ஒரு கடையின் வேலை. உங்களிடம் இருப்பதோ அரைநாள்.

கணக்கோடு சேர்த்து, வரைந்தவற்றுக்கும் ஒரு பதிவேடு வையுங்கள். ஓவியர் பால் க்ளீ 1911 முதல் தம் படைப்புகளை ஆண்டும் எண்ணும் இட்டுத் தம் கையாலேயே பட்டியலிட்டு வந்தார். அந்தப் பட்டியல் உங்களுக்குத் தேவையான வேறொரு செய்தியையும் வைத்திருக்கிறது. நாஜிகள் 1933-இல் க்ளீயை டியூசல்டார்ஃப் கலைக்கழக வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகருக்குத் திரும்பினார். 1935-இல் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுக்கும் கொடிய நோய் அவரைப் பிடித்தது. 1936-க்கு அந்தப் பட்டியலில் இருப்பவை இருபத்தைந்து படைப்புகள் மட்டுமே. 1939-க்கு ஆயிரத்து இருநூறுக்கும் மேல் இருக்கின்றன. நோய் குணமாகவில்லை, மறு ஆண்டு அவர் இறந்துவிட்டார். கோடுகளைத் தடிமனாக்கி, வடிவங்களை எளிமையாக்கி, பெரும்பாலும் காகிதத்தில் வரைந்துதான் அவர் அந்த எண்ணிக்கையைத் தொட்டார். உங்களுடைய இந்த ஈராண்டை நான் அந்த 1936-ஐப் போலத்தான் படிக்கிறேன். இருபத்தைந்தைப் பதிந்துவைத்ததால்தான் அந்த ஆண்டு வெற்றாண்டு அல்ல என்று இன்று நமக்குத் தெரிகிறது.

மகிழ்ச்சியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வெற்றுக் கேன்வாஸின் முன் உட்கார்ந்து மகிழ்ச்சி வரட்டும் என்று காத்திருப்பதுதான் உங்கள் தவறு என்று நினைக்கிறேன். வண்ணம் குழைத்தபோதே மகிழ்ச்சி வந்ததாக நீங்களே எழுதுகிறீர்கள். அப்படியென்றால் குழைத்ததால்தான் அது வந்தது. மகிழ்ச்சி முதலில் வந்து கையைத் தூக்கிவிடுவது அபூர்வம். கை பொருளைத் தொட்டு, பொருள் கொஞ்சம் எதிர்த்து, அந்த எதிர்ப்புக்குக் கை பதில் சொல்லத் தொடங்கிய பிறகே அது வந்து சேர்கிறது. துக்கத்திலும் களைப்பிலும் இருப்பவனிடம் வெற்றுக் கேன்வாஸ் ஒரு பெரிய முடிவைக் கேட்கிறது. எதை வரைவது, ஏன் வரைவது, யார் வாங்குவார் என்ற மூன்றுக்கும் ஒரே கணத்தில் விடை சொல்லச் சொல்கிறது. அவ்வளவு பெரிய கேள்வியோடு நாளைத் தொடங்காதீர்கள். காகிதம் வெட்டுங்கள், கேன்வாஸுக்கு அடிப்பூச்சு அடியுங்கள், கைவசம் இருக்கும் இரண்டு வண்ணங்களை மட்டும் எடுத்து அவற்றுக்கு இடையில் எத்தனை படிநிலைகள் கிடைக்கின்றன என்று கட்டம் கட்டமாகத் தீட்டிப்பாருங்கள். இது பயிற்சி வகுப்பு வேலை போலத் தெரியலாம். ஆனால் கூடத்தின் வாழ்க்கை பெரும்பாலும் இப்படிப்பட்ட கீழ்வேலைகளால் ஆனதுதான். அவற்றில் இன்பம் காணத் தெரிந்தவரே நீண்டகாலம் நிலைக்கிறார்.

அடுத்து, நாளின் வேலையை முடித்துவிட்டு எழாதீர்கள். இன்னும் இரண்டு தீற்றல் பாக்கியிருக்கும்போதே, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகத் தெரியும்போதே தூரிகையை வைத்துவிடுங்கள். மறுநாள் உள்ளே நுழைய அது ஒரு கதவாக இருக்கும். எழுத்தாளர்கள் பலரும் கடைப்பிடிக்கும் வழி இது. ஓவியர்களிடம் அதிகம் காணோம், ஏனோ தெரியவில்லை. நேரத்தையும் சிறிதாகவே ஒதுக்குங்கள். வாரத்துக்கு ஒருநாள் முழுவதும் என்பதைவிட தினம் நாற்பது நிமிடம் என்பது உங்கள் வீட்டுச் சூழலுக்கு நடைமுறையில் நிற்கும். தந்தை உறங்கும் நேரத்தில் அவர் அருகில் உட்கார்ந்து அவருடைய கையை, மருந்துப் புட்டிகளை, போர்வையின் மடிப்பை ஒரு ஸ்கெட்ச் புத்தகத்தில் வரையலாம். அதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. வரைவதற்காக உற்றுப் பார்க்கும் கண், கவலையோடு பார்க்கும் கண்ணிலிருந்து வேறுபட்டது. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பலருக்கு அது சற்று மூச்சுவிட இடம் தந்திருக்கிறது.

கருவியை மாற்றிப்பார்ப்பதும் உதவும். இந்த இடத்தில் இரண்டு ஓவியர்கள் ஒரே பொருளுக்கு வந்து சேர்ந்தது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும். பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் 1941-இல் வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு ஈசலின் முன் நீண்ட நேரம் நிற்க முடியாமல் போனார். உதவியாளர்கள் குவாஷ் பூசிக்கொடுத்த காகிதங்களைப் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடி கத்தரிக்கோலால் வெட்டி வடிவங்களாக்கினார். பிறவியிலேயே பார்வை குறைவாக இருந்த சாந்திநிகேதன் ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜி, 1950-களின் பிற்பகுதியில் கண் அறுவைக்குப் பிறகு பார்வையை முற்றிலும் இழந்தார். அவரும் வண்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டத் தொடங்கினார். 1972-இல் சாந்திநிகேதனின் கலைப்பள்ளியான கலாபவனத்தின் சுவரில் ஓடுகளால் ஆன பெரிய சுவரோவியத்தையே அமைத்தார். இருவரும் இழப்பை ஈடுகட்டிக்கொண்டார்கள் என்று சொன்னால் அவர்கள் செய்தது குறைந்துவிடும். மத்தீஸின் வெட்டோவியங்களில் இருக்கும் துணிச்சல் அவருடைய பல ஆயில் படங்களிலும் இல்லை என்பது என் எண்ணம். உங்களுக்கு இப்போது பெரிய கேன்வாஸ் கைவராது என்றால், அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டு, மையும் காகிதமும் கத்தரிக்கோலும் என்ன கேட்கின்றன என்று பாருங்கள்.

சமூக ஊடகங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் ஒரு வாக்கியத்தோடு விடுகிறேன்: முடியாத படத்தை அங்கே காட்டாதீர்கள், ஏனென்றால் பாதியில் வந்த பாராட்டும் பாதியில் வந்த மௌனமும் ஒரே அளவுக்குப் படத்தைக் கெடுக்கும். அதற்குப் பதிலாக, உங்கள் வேலையை மதிக்கும் ஓர் ஓவியரிடம் நேரில் காட்டுங்கள்.

இதையெல்லாம் செய்தும் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, பெரும்பாலான நாட்களில் மனம் கனத்தே இருப்பது இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது ஓவியனுக்கு வரும் வறட்சி அல்ல. மனநல மருத்துவரைப் பாருங்கள். நோயாளியைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு மனச்சோர்வு நோய் வருவது மிகவும் சகஜம், அதற்குச் சிகிச்சையும் உண்டு. துன்பம்தான் கலையின் உரம் என்று சொல்லி உங்களைத் தடுப்பவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

பொருள்களைச் சிக்கனமாகக் கையாள்வது பணத்துக்கும் நல்லது, சுற்றுப்புறத்துக்கும் நல்லது. வண்ணக் குழாய்களில் விலை அதிகமானவை காட்மியம், கோபால்ட் உலோகங்களைக் கொண்ட நிறங்கள். மலிவானவையோ ஓக்கர், சியன்னா, அம்பர் போன்ற மண் நிறங்கள். இரும்பு ஆக்சைடால் ஆன இந்த மண் நிறங்கள், குகைச் சுவர்களில் பல்லாயிரம் ஆண்டுகள் நின்றவை. வெளிச்சத்தில் மங்காத தன்மையில் இவற்றுக்கு ஈடானவை குறைவு. இவற்றோடு டைட்டானியம் வெள்ளையையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் சேர்த்துக்கொண்டால் ஓராண்டுக்கு வேறு வண்ணம் வாங்காமலேயே வேலை செய்யலாம். அல்ட்ராமரைன் ஒருகாலத்தில் பொன்னுக்கு நிகரான விலையில் விற்றது. 1820-களின் இறுதியில் அதைச் செயற்கையாகத் தயாரிக்கக் கற்றுக்கொண்ட பிறகே ஏழை ஓவியனின் வண்ணத்தட்டுக்கு வந்தது. விற்கும் படத்தில் அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பு போன்ற மங்கும் நிறங்களைத் தவிர்த்து, குவினாக்ரிடோன் சிவப்புகளைப் பயன்படுத்துங்கள். பயன்படுத்திய டர்பன்டைனைக் கொட்டாமல் மூடிய புட்டியில் சில நாட்கள் வைத்தால் வண்ணம் அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்ததை வடித்து மறுபடி பயன்படுத்தலாம். அக்ரிலிக் கழுவிய நீரையும் அப்படியே தெளியவிட்டு, படிந்த கசடைக் காயவைத்துக் குப்பையில் சேர்க்க வேண்டும், சாக்கடையில் ஊற்றக்கூடாது. தேறாத பழைய கேன்வாஸ்களைத் தேய்த்துப் பூச்சடித்து மறுபடி வரையலாம், ஆயில் தீட்டியதன் மேல் அக்ரிலிக் பூச்சு மட்டும் பிடிக்காது.

மலிவான பொருளுக்கும் கலையின் தரத்துக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதுபோல் நேரானது அல்ல. 1943 வங்கப் பஞ்சத்தின்போது ஓவியர் ஜைனுல் ஆபேதின், சாலையோரங்களில் செத்துக்கொண்டிருந்தவர்களைச் சாதாரணப் பொதிகட்டும் காகிதத்தில் கறுப்பு மையால் வரைந்தார். அந்தப் பஞ்சத்தைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் சாட்சியங்களில் அவை முக்கியமானவை. மலிவுக் காகிதம் காலப்போக்கில் பழுத்து நொறுங்கும் என்பதால், விற்பதற்கான படங்களுக்கு அமிலம் நீக்கிய காகிதத்தை வாங்குங்கள். உங்களுக்காக வரைபவற்றுக்கு எந்தக் காகிதமும் போதும்.

ஆபேதினைச் சொன்னதும் உங்கள் குற்றவுணர்வுக்கு வர வேண்டியிருக்கிறது. அவரைப்போல் நான் ஏன் வரையவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கொல்விட்ஸ் 1914 அக்டோபரில் தம் இளைய மகன் பீட்டரைப் போரில் இழந்தார். அவனுக்கான நினைவுச் சிற்பத்தை உடனே மனத்தில் தொடங்கியவர், இடையில் கைவிட்டு, மறுபடி எடுத்து, 1932-இல்தான் பெல்ஜியத்தில் அவன் புதைக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்தில் நிறுவினார். தம் சொந்தத் துயரத்தைச் சொல்லும் வடிவத்தைக் கண்டடையவே பதினெட்டு ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் அவர் போரைப் பற்றிய மரச்செதுக்கு வரிசை ஒன்றையும், போருக்கு எதிரான சுவரொட்டிகளையும் செய்தார். இன்னொரு பக்கம், இரண்டாம் உலகப்போர் தம் ஊருக்குள்ளேயே வந்துவிட்ட காலத்திலும் மொராண்டி புட்டிகளையும் வயல்வெளிகளையும்தான் வரைந்துகொண்டிருந்தார். அவரைக் கோழை என்று யாரும் சொல்வதில்லை. ஓவியர் எதைப் பார்க்கத் தெரிந்தவரோ அதையே வரைய முடியும். வேறொன்றைக் குற்றவுணர்வால் வரைந்தால் அது சுவரொட்டியாகவும் நிற்காது, ஓவியமாகவும் நிற்காது. பூவையும் ஜன்னலையும் நீங்கள் இன்னும் வரைகிறீர்கள் என்றால் அவற்றில் உங்களுக்கு இன்னும் தீராத ஏதோ ஒன்று இருக்கிறது. மனிதனாக உங்களுக்கு இருக்கும் கடமைகளை நன்கொடையாலோ உடலுழைப்பாலோ வாக்காலோ செய்யுங்கள். அவற்றை நிறைவேற்றும் பாரத்தை ஜன்னல் படத்தின் மேல் ஏற்ற வேண்டாம்.

கொஞ்ச காலம் நிறுத்திவிட்டால்தான் என்ன என்றும் நீங்கள் எண்ணக்கூடும். நிறுத்தலாம். அமெரிக்க ஓவியர் ஆக்னெஸ் மார்ட்டின், பெயர் பெற்றிருந்த நேரத்தில், 1967-இல், நியூயார்க்கை விட்டு வெளியேறி ஓவியம் தீட்டுவதையே நிறுத்தினார். 1974 வாக்கில்தான் மறுபடி வண்ணத்துக்குத் திரும்பி, அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் வரைந்தார். அவருடையது தெரிந்தே எடுத்த முடிவு. உங்கள் கடிதத்தில் நான் காண்பதோ முடிவெடுக்காமல் நழுவிப்போவது. நிறுத்துவதாக இருந்தால் எப்போது மறுபடி யோசிப்பது என்று நாள்காட்டியில் குறித்துவிட்டு, தூரிகைகளைக் கழுவிக் காயவைத்து, குழாய்களின் மூடிகளை இறுக்கிவிட்டு நிறுத்துங்கள். அதுவரை ஒவ்வொரு நாளும் வரையவில்லையே என்று உங்களை நீங்களே நொந்துகொள்வதும் வேண்டாம்.

கடைசியாக, பாதி விலை கேட்கும் வாடிக்கையாளர். கொடுக்காதீர்கள். இதே அளவுப் படத்தை முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்குப் பாதியாகக் குறைத்தது வெளியே தெரிந்தால் அதுவே உங்கள் விலையாகிவிடும், கண்காட்சிகள் திரும்பத் தொடங்கும்போது கேலரியும் அதையே காட்டிப் பேசும். ஆனால் அவரை வெறுங்கையோடு அனுப்பவும் வேண்டாம். உங்களுக்குப் பணம் தேவை, அவருக்கோ உங்கள் படத்தின் மேல் விருப்பம் இருக்கிறது. முழு விலையை ஆறு அல்லது எட்டுத் தவணைகளில் தரலாம் என்று சொல்லிப்பாருங்கள். முதல் தவணை வந்ததும் படத்தை அவர் பெயரில் ஒதுக்கிவைத்து, கடைசித் தவணைக்குப் பிறகு ஒப்படைக்கலாம். அதுவும் அவருக்கு வசதிப்படவில்லை என்றால், அந்தப் பெரிய படத்துக்காக முன்பு காகிதத்தில் செய்த முன்வரைவுகள் உங்களிடம் இருக்கும். அவற்றில் நல்லது ஒன்றை அதற்குரிய விலையில் காட்டுங்கள். நெடுங்கால வாடிக்கையாளர் என்பதற்காகப் பத்து சதவீதம் வரை குறைப்பது தொழிலில் வழக்கம்தான், அதை ரசீதிலும் கழிவு என்று தனியாகக் குறிப்பிடுங்கள். எதைச் சொல்வதானாலும் தொலைபேசியில் சொல்லாமல், தொகையும் தவணைத் தேதிகளும் படத்தின் அளவும் தலைப்பும் குறித்து எழுத்தில் அனுப்புங்கள். பதில் வரும்வரை படத்தைச் சட்டத்திலிருந்து கழற்ற வேண்டாம்.